நம்மைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவுகளைத் திரும்பப் பெறுவது எப்படி

மேற்கொண்டு படிக்கும் முன் உங்கள் கைபேசியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளைத் திறந்து, தனியுரிமை என்னும் பகுதிக்குள் சென்று, அனுமதிகளின் பட்டியலில் 'இருப்பிடம்' என்ற வரியைத் தொடுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளும் அனுமதி பெற்ற செயலிகள் அங்கே வரிசையாக நிற்கும். வரைபடச் செயலி அதில் இருப்பது இயல்பு. வாடகை வண்டி அழைக்கும் செயலி இருப்பதும் இயல்பு. இந்தப் பட்டியலை நான் முதன்முறையாக நிதானமாகப் பார்த்தபோது, படங்களுக்கு வண்ணம் கூட்டும் செயலி ஒன்றும், பல மாதங்களாகத் திறந்தே பார்க்காத விளையாட்டு ஒன்றும், ஓர் அகராதியும் அதில் இருந்தன. அகராதி, 'எப்போதும் அனுமதி' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவதற்கு, நான் இரவில் எங்கே உறங்குகிறேன் என்பது எதற்காகத் தெரிய வேண்டும்? அனுமதி கொடுத்தது நான்தான். ஆனால் எந்த நாளில், எதை எண்ணிக் கொடுத்தேன் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அனுமதி பதிவாகியிருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு முடிவு இருந்ததாகத் தெரியவில்லை. இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். அந்தரங்கம் என்றாலே ரகசியம் என்று சுருக்கிப் புரிந்துகொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ரகசியம் யாருக்கும் தெரியாமல் இருப்பது; அந்தரங்கமோ, யாருக்கு எது, எவ்வளவு, எப்போது தெரியலாம் என்பதை உரியவரே தீர்மானிப்பது. மருத்துவரிடம் உடல்நிலையை ஒளிக்காமல் சொல்கிறோம். அதையே வேலை தரும் நிறுவனம் விசாரித்தால் தயங்குகிறோம். தகவல் ஒன்றுதான், அது போய்ச் சேரும் இடம் வேறு. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையை விட்டுப் போகும்போது, அந்தரங்கத்தோடு சேர்ந்து, நம் வாழ்க்கையை நாமே நடத்துகிறோம் என்ற நிலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு செயலையும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு செய்யலாம்: இதை நான் முடிவு செய்தேனா, எனக்காக வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்களா?

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று சிலர் கேட்பார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதோடு, கனமில்லாத மடி யாருக்கும் கிடையாது. இன்னும் வீட்டில் சொல்லாத பரிசோதனை முடிவு, வேறு வேலை தேடிக்கொண்டிருப்பது, அடைக்க வேண்டிய கடன், வெளியே சொல்லாத ஒரு நேசம், ஊரார் ஏற்காத ஒரு நம்பிக்கை என்று ஒவ்வொருவரும் எதையாவது சுமந்துகொண்டுதான் நடக்கிறோம். இவற்றில் எதுவும் குற்றம் இல்லை. எதுவும் அடுத்தவர் கணக்கேட்டில் ஏற வேண்டியதும் இல்லை.

இந்தக் கவலை கைபேசியோடு பிறந்ததும் இல்லை. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய கேமராவும் பரபரப்புச் செய்தித்தாள்களும் பெருகிய காலத்தில், 1890-ஆம் ஆண்டு, சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்ட் சட்ட இதழில் அந்தரங்க உரிமையைப் பற்றி எழுதினார்கள். தன்னைத் தன்போக்கில் விட்டுவிடும்படி கோரும் உரிமை மனிதருக்கு உண்டு என்பது அவர்கள் வாதம். 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 12-ஆம் பிரிவு, ஒருவரின் அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் இல்லத்திலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. இல்லத்தையும் கடிதத்தையும் அன்று தனித்தனியே குறிப்பிட வேண்டியிருந்தது. இன்று இரண்டும் சட்டைப் பைக்குள் இருக்கும் ஒரே கருவியில் அடங்கிவிட்டன.

பெயரை நீக்கினால் போதுமா?

தமிழின் அகத்திணைப் பாடல்களில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது இலக்கண மரபு. பெயர் இல்லாவிட்டால் ஆள் யாரென்று தெரியாது, உணர்வு மட்டும் நிற்கும் என்பது எவ்வளவு நுட்பமான எண்ணம்! 'உங்கள் பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவுகளைப் பயன்படுத்துகிறோம்' என்று நிறுவனங்கள் உறுதி கூறும்போது நம் மனம் ஏற்றுக்கொள்வதும் இதனால்தான். ஆனால் தரவுகளின் உலகில் பெயர் மிகச் சிறிய திரை.

2006-இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஏறத்தாழ 6,50,000 பேர் மூன்று மாதங்களில் தேடிய சொற்களை ஆராய்ச்சியாளர்களுக்காகப் பொதுவெளியில் வைத்தது. பெயர்கள் இருந்த இடத்தில் எண்கள் இருந்தன. தேடிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டே செய்தியாளர்கள் சில நாட்களில் ஓர் எண்ணுக்குரிய பெண்மணியின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏனென்றால் நாம் தேடுவது நம் ஊர்ப்பெயரை, உறவினர் பெயரை, நம் உடலின் வலிகளை. 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வு 15 லட்சம் பேரின் கைபேசி இருப்பிடப் பதிவுகளை ஆராய்ந்தது. எந்த நேரத்தில் எந்தப் பகுதியில் இருந்தார் என்னும் நான்கே புள்ளிகள், அவர்களில் 95 விழுக்காட்டினரை மற்ற அனைவரிடமிருந்தும் பிரித்துக் காட்டப் போதுமானவையாக இருந்தன. இரவில் ஓரிடம், பகலில் ஓரிடம், இடையில் இரண்டு இடங்கள். அந்தத் தொடர் உங்களுக்கு மட்டுமே உரியது.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விதி கிடைக்கிறது. கொடுத்துவிட்ட தகவலைப் பாதுகாக்கும்படி வேண்டுவதைவிட, கொடுக்காமல் இருப்பது பல மடங்கு பலன் தரும். பிறந்த தேதி கட்டாயம் இல்லாத படிவத்தில் அதை நிரப்பாதீர்கள். இரண்டாவது தொலைபேசி எண் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடுங்கள். நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களை நிரப்புவது மரியாதையின் பேரில் நாம் செய்யும் வேலை; கணினிக்கு அந்த மரியாதை தேவையில்லை.

அனுமதிகளைத் திரும்பப் பெறுதல்

ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்புக்கு முன்பு, ஒரு செயலியை நிறுவும்போதே அது கேட்கும் எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டும், அல்லது செயலியே வேண்டாம் என்று விட வேண்டும். இப்போது ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியாக மறுக்கலாம், கொடுத்ததைப் பறிக்கவும் செய்யலாம். இந்த உரிமையைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

முன்பு திறந்த அந்தப் பட்டியலுக்கே திரும்புவோம். இருப்பிடத்தில் 'எப்போதும்' என்ற தலைப்பின் கீழ் உள்ள ஒவ்வொரு செயலியையும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். ஏதாவது செயல்படவில்லை என்றால் செயலி தானே கேட்கும், அப்போது யோசித்துக் கொடுக்கலாம். வானிலை போன்றவற்றுக்குத் துல்லியமான இருப்பிடம் தேவையில்லை. எந்தப் பகுதி என்று தெரிந்தால் போதும். ஐபோனில் 2020-இலிருந்தும் ஆண்ட்ராய்டில் 2021-இலிருந்தும் தோராயமான இருப்பிடத்தை மட்டும் தரும் வசதி இருக்கிறது. அடுத்து மைக்கும் கேமராவும். திரையின் மேல் ஓரத்தில் பச்சை அல்லது ஆரஞ்சு நிறப் புள்ளி தோன்றினால், ஏதோ ஒரு செயலி அவற்றைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீங்கள் எதையும் பேசவோ படம் எடுக்கவோ இல்லாத நேரத்தில் அந்தப் புள்ளி தெரிந்தால், எந்தச் செயலி என்று அப்போதே பாருங்கள்.

புகைப்படங்களுக்கு 'தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்' என்ற வாய்ப்பு இருக்கிறது. ஒரு படத்தைப் பதிவேற்றுவதற்காக, பத்தாண்டுப் படங்களையும் பார்க்கும் உரிமையைக் கொடுக்க வேண்டியதில்லை. விளம்பரத்துக்கென்று ஒவ்வொரு கைபேசியிலும் ஓர் அடையாள எண் உண்டு. பல செயலிகளில் நீங்கள் செய்வதை ஒரே ஆளின் கணக்கில் சேர்க்கும் நூல் அதுதான். ஆண்ட்ராய்டில் தனியுரிமைப் பகுதிக்குள் விளம்பரங்கள் என்ற இடத்தில் அதை அழித்துவிடலாம். ஐபோனில் 2021 ஏப்ரல் முதல், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர விரும்பும் செயலி முன்கூட்டியே கேட்டாக வேண்டும். கேட்கவே கூடாது என்று ஒரேயடியாக அணைத்துவிடும் பொத்தானும் அங்கே இருக்கிறது.

இதெல்லாம் மிகையான எச்சரிக்கை என்று தோன்றினால் ஒரு பழைய வழக்கை நினைவூட்டுகிறேன். 2013-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், கைபேசியை டார்ச் விளக்காக்கும் ஒரு செயலியின் உரிமையாளர் மீது நடவடிக்கை எடுத்தது. பயனர்களின் துல்லியமான இருப்பிடத்தையும் கருவியின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியது அந்தச் செயலி. வெளிச்சம் தருவதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒன்று அது.

செயலிகளை நீக்குவதையும் இந்தச் சமயத்திலேயே முடித்துவிடுங்கள். ஆறு மாதமாகத் திறக்காதது எதுவும் கைபேசியில் இருக்க வேண்டியதில்லை. நீக்கும் முன் செயலிக்குள் சென்று கணக்கையும் அழிக்க வேண்டும். செயலியை மட்டும் நீக்கினால் கைபேசியில் இருக்கும் பிரதிதான் போகும், அவர்களிடம் உள்ளது அப்படியே இருக்கும்.

ஒரு படம் சொல்லும் முகவரி

பழைய மேசை ஒன்றை விற்பதற்காக அதைப் படமெடுத்தேன். மேசை, அதன் மீது விழுந்த சன்னல் வெளிச்சம், பின்னால் வெற்றுச் சுவர். படத்தில் வேறெதுவும் இல்லை. அனுப்புவதற்கு முன் படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். எடுத்த தேதி, நேரம், கைபேசியின் மாதிரி ஆகியவற்றுக்குக் கீழே ஒரு சிறு வரைபடம் இருந்தது. அதில் சிவப்புக் குறி என் வீட்டின் கூரை மீது நின்றது. முகம் தெரியாத ஒருவருக்கு என் வீட்டு வாசலைக் காட்டும் படத்தை அனுப்ப இருந்திருக்கிறேன்.

கேமராவும் கைபேசியும் எடுக்கும் படக் கோப்பிற்குள் இப்படி ஒரு குறிப்புப் பகுதி உண்டு. எக்ஸிஃப் என்று அதற்குப் பெயர். சமூக ஊடகங்களும் செய்திச் செயலிகளும் பலவும் படத்தைச் சுருக்கும்போது பெறுபவருக்கு அந்தக் குறிப்பு போகாமல் நீக்கிவிடுகின்றன என்றாலும், மின்னஞ்சலில் இணைத்தாலோ, படத்தை ஓர் ஆவணக் கோப்பாக அனுப்பினாலோ அது அப்படியே போய்ச் சேரும். கேமராவின் அமைப்புகளில் இருப்பிடப் பதிவை அணைப்பது ஒரு வழி. எடுத்த இடம் பிற்காலத்தில் நினைவுக்கு வேண்டும் என்று விரும்புபவர்கள் பதிவை வைத்துக்கொண்டு, பகிரும்போது மட்டும் இருப்பிடத்தை நீக்கும் தேர்வைப் பயன்படுத்தலாம். அல்லது படத்தைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அதை அனுப்பலாம். தரம் சற்றுக் குறையும், இருப்பிடக் குறிப்பு உடன் போகாது.

தனி மனிதர் ஒருவரின் தடம் மற்றவர்களின் தடத்தோடு சேரும்போது என்ன ஆகும் என்பதை 2018 ஜனவரியில் உலகம் கண்டது. ஸ்ட்ராவா என்னும் உடற்பயிற்சிச் செயலி, தன் பயனர்கள் ஓடிய, மிதிவண்டி ஓட்டிய பாதைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து ஓர் ஒளிரும் உலக வரைபடமாக வெளியிட்டிருந்தது. அதில் ஒருவர் பெயரும் இல்லை. இருள் சூழ்ந்த பாலைநிலங்களின் நடுவே சில சுற்றுப்பாதைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. படைவீரர்கள் தம் முகாம்களைச் சுற்றி ஓடிய பாதைகள் அவை.

உலாவியும் அந்த 'ஏற்கிறேன்' பொத்தானும்

ஓர் இணையதளம் நம் உலாவியில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பான குக்கீ என்பதை 1994-இல் நெட்ஸ்கேப் என்னும் உலாவி நிறுவனத்தில் லூ மோன்டுல்லி உருவாக்கினார். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனதும் நம்மை மறந்துவிடும் இணையத்துக்குக் கொஞ்சம் நினைவாற்றல் தருவதே நோக்கம். கூடையில் போட்ட பொருள் கூடையிலேயே இருப்பது அதனால்தான். பின்னாளில், நாம் பார்க்கும் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் நிறுவனங்கள் அதே வசதியைக் கொண்டு தளம் தளமாக நம்மைத் தொடரத் தொடங்கின. உங்கள் உலாவியின் தனியுரிமை அமைப்பில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் தேர்வை இயக்குங்கள். சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் இந்த வகைப் பின்தொடரலைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்துகின்றன. வேறு உலாவி வைத்திருப்பவர்கள் தாமே சென்று பார்க்க வேண்டும்.

உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்தச் சாளரம், அதே கருவியைப் பயன்படுத்தும் வீட்டாரிடமிருந்து உங்கள் தேடல் வரலாற்றை மறைக்கும், அவ்வளவுதான். இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும், அலுவலக வலையமைப்பை நிர்வகிப்பவருக்கும், நீங்கள் போய்ப் பார்க்கும் தளத்துக்கும் உங்கள் வருகை தெரிந்தே இருக்கும்.

இனி, எல்லாத் தளங்களிலும் வழிமறிக்கும் அந்த ஒப்புதல் பெட்டி. 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பது பெரிய, அடர்ந்த நிறப் பொத்தானாக இருக்கும். மறுக்க வேண்டுமானால் சாம்பல் நிறத்தில் 'மேலும் தேர்வுகள்' என்று எழுதியிருப்பதைத் தொட்டு, உள்ளே போய், ஒவ்வொன்றாக அணைத்து, சேமிக்க வேண்டும். இந்த மாதிரி ஏமாற்று வடிவமைப்புகளுக்கு 2010-இல் ஹாரி பிரிக்னல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரிட்டார். ஒரு பக்கம் ஒரு தொடுதல், மறுபக்கம் ஏழெட்டுத் தொடுதல்கள் என்றால், அங்கே கேட்கப்படுவது உங்கள் சம்மதம் அன்று. உங்கள் சோர்வுக்காகத்தான் அந்தப் பெட்டி காத்திருக்கிறது. அவசரம் இல்லாதபோது மறுக்கும் பாதையில் போங்கள். அவசரம் என்றால் ஏற்றுவிட்டு, உலாவியை மூடும்போதெல்லாம் குக்கீகள் தாமாக அழியும்படி அமைத்துவிடுங்கள்.

சாவிகள்

கடவுச்சொல் பற்றிச் சொல்ல வேண்டியது சிறிது. ஒவ்வொரு கணக்குக்கும் வேறு கடவுச்சொல். அவற்றை நினைவில் வைக்கும் வேலையைப் கடவுச்சொற்களைப் பூட்டிச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் செயலி ஒன்றிடம் ஒப்படைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே கைவிட்டு, நீளமான கடவுச்சொல்லே முக்கியம் என்றது. காரணமில்லாமல் மாற்ற வேண்டாம். கசிந்தது தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். டிராய் ஹண்ட் 2013-இல் தொடங்கிய 'ஹாவ் ஐ பீன் போன்ட்' என்னும் தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அறியப்பட்ட எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று காட்டும்.

முதலில் காக்க வேண்டியது மின்னஞ்சல் கணக்கை. மற்ற பெரும்பாலான கணக்குகளின் கடவுச்சொல்லையும் அதன் வழியாகவே மாற்றிவிட முடியும் என்பதால், அது வீட்டின் சாவிக்கொத்து மாதிரி. கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அதற்கு இன்றே இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, கைபேசியிலேயே எண்ணை உருவாக்கும் செயலி மேலானது. உங்கள் சிம்மை வேறொருவர் தன் பெயரில் மாற்றி வாங்கிவிட்டால் குறுஞ்செய்தி அவருக்குப் போய்விடும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசியின் பூட்டைத் திறப்பதுபோலவே உள்ளே நுழைய உதவும் பாஸ்கீ வசதி இருக்கும் இடங்களில் அதைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது.

செய்திச் செயலிகளைப் பொறுத்தவரை, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க இயலாத முழுநீளக் குறியாக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் என்னும் செயலியில் அது எப்போதும் உண்டு. வாட்ஸ்அப் 2016-இல் அனைவருக்கும் அதைக் கொண்டுவந்தது. ஆனால் அரட்டையின் காப்புப் பிரதி மேகச் சேமிப்பில், அதாவது இணையத்தில் உள்ள சேமிப்பகத்தில், ஏறும்போது, அதற்குத் தனியாகக் குறியாக்கம் இயக்கப்பட வேண்டும். வாட்ஸ்அப்பில் இந்த வசதி 2021-இல் வந்தது. அமைப்புகளில் அரட்டைகளின் காப்புப் பிரதி என்ற இடத்தில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாசல் பூட்டியிருந்து கொல்லைக் கதவு திறந்திருக்கும் வீடுகள் ஏராளம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலருக்கு அச்சம் தொலைதூர நிறுவனங்களிடமிருந்து வருவதில்லை; ஒரே கூரையின் கீழ் இருப்பவரிடமிருந்து வருகிறது. அவர்கள் செய்ய வேண்டிய வரிசை வேறு. கணக்கில் எந்தெந்தக் கருவிகள் இணைக்கப்பட்டிருக்கின்றன, இருப்பிடம் யாருடன் பகிரப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் திடீரென்று துண்டித்தால் கண்காணிப்பவருக்கு அது உடனே தெரியவரும், ஆபத்து கூடவும் செய்யும். நம்பகமான ஒருவரின் கருவியிலிருந்து உதவி கேட்டுவிட்டு, பாதுகாப்பான இடம் உறுதியான பிறகு மாற்றங்களைச் செய்வதே நல்லது.

கவனமும் நம்முடையதுதான்

தகவலைக் காப்பது பாதி வேலை. அந்தத் தகவலைக் கொண்டு நம்மை எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பது மறுபாதி. எந்தக் காணொளியில் எத்தனை நொடி நின்றோம், எதைக் கடந்துபோனோம் என்பதை வைத்து அடுத்தது தேர்ந்தெடுக்கப்படுகிறது. நாம் விரும்பித் தேடிச் சென்றதும், நம் முன்னால் கொண்டுவந்து வைக்கப்பட்டதும் ஒன்றோடொன்று கலந்துவிட்ட நிலையில், நம் ரசனை எது, ஊட்டப்பட்டது எது என்று பிரித்துச் சொல்வது கடினம். முடிவின்றி உருளும் பக்கத்தை 2006-இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஒரு பக்கம் முடிந்து அடுத்ததைத் தொட வேண்டிய இடத்தில், போதும் என்று எழுந்துவிட நமக்கு ஒரு கணம் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கணத்தைத்தான் அந்த வடிவமைப்பு எடுத்துக்கொண்டது.

அதைத் திரும்பப் பெற, முதலில் அறிவிப்புகளை அணையுங்கள். மனிதர் ஒருவர் உங்களுக்கென்று எழுதியது, பணம் தொடர்பானது ஆகிய இரண்டைத் தவிர மற்ற எதுவும் உங்களைக் கூப்பிட வேண்டியதில்லை. தானாக அடுத்த காணொளி ஓடுவதை நிறுத்துங்கள். பார்வை வரலாற்றையும் தேடல் வரலாற்றையும் அழித்து, மேற்கொண்டு சேமிப்பதை இடைநிறுத்துங்கள். சில நாட்களுக்குப் பரிந்துரைகள் வெறுமையாகத் தோன்றும், அந்த வெறுமையில் உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை நீங்களே தட்டச்சு செய்ய நேரும். நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் காலவரிசையில் காட்டும் தேர்வு பல தளங்களில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பயனரைப் பற்றிய கணிப்பைச் சாராத ஒரு பரிந்துரை முறையையாவது மிகப் பெரிய தளங்கள் வழங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் நாட்டில் அந்தத் தேர்வு கண்ணில் படாவிட்டால் கேட்டு எழுதுங்கள். ஓரிடத்தில் செய்யக்கூடியதை இன்னோரிடத்திலும் செய்யலாம்.

அடுத்தவர் தகவல் நம் கையில்

என் அந்தரங்கம் என் கையில் மட்டும் இல்லை, என் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரத்தில், ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைச் சோதனைச் செயலியை நிறுவியவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர்தான். அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் எடுக்கச் செயலிக்கு அன்று வழி இருந்ததால், அதிகபட்சம் 8.7 கோடிப் பேரின் தகவல்கள் போயிருக்கலாம் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே கூறியது. அந்தக் கோடிக்கணக்கானோரில் பெரும்பாலோர் எதையும் தொடவில்லை, எதற்கும் சம்மதிக்கவில்லை. அவர்களின் முடிவை நண்பர் ஒருவர் ஒரு மாலையில் பொழுதுபோக்காக எடுத்துவிட்டார்.

எனவே தொடர்புகளின் பட்டியலைக் கேட்கும் செயலிக்குச் சம்மதிக்கும் முன், அதில் இருக்கும் எண்கள் உங்களுடையவை இல்லை என்பதை நினையுங்கள். மறுத்துவிட்டு, வேண்டியவரின் எண்ணைக் கையால் தட்டச்சு செய்துகொள்ளலாம். ஒருவரின் எண்ணை மற்றவருக்குக் கொடுக்கும் முன் உரியவரிடம் ஒரு வரி கேளுங்கள். குழுப் படத்தைப் பொதுவில் போடும் முன் அதில் இருப்பவர்களைக் கேளுங்கள். குழந்தைகள் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: பேசத் தெரிந்த வயது என்றால் அவர்களைக் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் போடக் கூடாது. பள்ளிச் சீருடையும் பள்ளியின் பெயரும் தெரியும் படத்தை அவர்களே சரி என்றாலும் போட வேண்டாம்.

கடிதம் எழுதுங்கள்

அமைப்புகளால் எட்ட முடியாதது, ஏற்கெனவே நிறுவனங்களிடம் சேர்ந்துவிட்ட தகவல். அதற்குச் சட்டம் துணை நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. தன் தரவின் நகலைக் கேட்பவருக்குப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் நிறுவனம் பதில் தர வேண்டும். மலேசியாவில் 2010-இலும், சிங்கப்பூரில் 2012-இலும், இலங்கையில் 2022-இலும், இந்தியாவில் 2023-இலும் தனிப்பட்ட தரவுகளுக்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. இவை தரும் உரிமைகளின் அளவும் ஒவ்வொரு பிரிவும் நடைமுறைக்கு வரும் காலமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். எந்த நாட்டில் இருந்தாலும், கேட்டு எழுதுவதற்குத் தடை ஏதும் இல்லை.

நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் தரவுப் பாதுகாப்பு அலுவலரின் மின்னஞ்சல் முகவரியோ குறைதீர்ப்பு முகவரியோ இருக்கும். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. 'இந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்யப்பட்ட கணக்கு தொடர்பாக, என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தனிப்பட்ட தரவுகளின் நகலையும், அவை எந்த நோக்கத்துக்காகப் பெறப்பட்டன, யாருக்கெல்லாம் வழங்கப்பட்டன என்ற விவரத்தையும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். விளம்பர நோக்கத்துக்காக என் தரவுகளைப் பயன்படுத்துவதற்கு அளித்த சம்மதத்தை இத்துடன் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதினால் போதும். பதிவு செய்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். அடையாளச் சான்று கேட்டால், ஏன் தேவை என்று வினவிவிட்டு, வேண்டாத எண்களை மறைத்த நகலை அனுப்புங்கள். அனுப்பிய தேதியைக் குறித்து வைத்து, ஒரு மாதம் கழித்து நினைவூட்டுங்கள்.

பெரிய தளங்கள் பலவற்றில் கடிதம்கூட வேண்டாம்; கணக்கின் அமைப்புகளிலேயே 'உங்கள் தகவலைப் பதிவிறக்கு' என்ற தேர்வு இருக்கும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஒரு சுருக்கிய கோப்பு வரும். அதைத் திறந்ததும் படங்களையும் பழைய செய்திகளையும் விட்டுவிட்டு, விளம்பர ஆர்வங்கள் என்று பெயரிட்ட பட்டியலை முதலில் பாருங்கள். சில ஊகங்கள் சரியாக இருக்கும், சில வேறு யாரையோ பற்றியவை போல இருக்கும். பிறகு, உங்கள் விவரத்தை விளம்பரத்துக்காகப் பதிவேற்றிய நிறுவனங்களின் பட்டியல் இருந்தால் அதைப் பாருங்கள். நீங்கள் கேள்விப்பட்டிராத பெயர்கள் அதில் இருக்கும். அடுத்த கடிதத்தை அவற்றில் ஒன்றுக்கு எழுதத் தொடங்கலாம்.